முப்பது வயதுக்கு மேல் முதல் முறை: கராத்தே, ஜூடோ, அய்கிடோ, கெண்டோ… எதில் சேரலாம்?

பிள்ளையைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் அப்பா அம்மாக்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் நாமும் சேர்ந்தால் என்ன என்று தோன்றும். பள்ளிக்கூடத்தோடு விளையாட்டை விட்டவர்கள், பத்துப் பதினைந்து வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், டாக்டர் சொல்லி ஜிம்முக்குப் போய் இரண்டு மாதத்தில் சலித்துப்போனவர்கள் என்று பலரும் இப்படித் தேட ஆரம்பிக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் கலை நல்லது?

"எல்லாமே நல்லதுதான், உங்களுக்குப் பிடித்ததில் சேருங்கள்" என்ற பதிலால் யாருக்கும் பயனில்லை. கராத்தே, ஜூடோ, அய்கிடோ, கெண்டோ என்ற இந்த நான்கு ஜப்பானியக் கலைகளும் உடம்பைப் பயன்படுத்தும் விதத்தில் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்டவை. ஒன்றில் அடிக்கிறோம், ஒன்றில் தூக்கிப் போடுகிறோம், ஒன்றில் கை மூட்டைத் திருப்புகிறோம், ஒன்றில் மூங்கில் வாளால் வெட்டுகிறோம். நான் கராத்தேயில் தொடங்கிப் பிறகு ஜூடோவுக்குப் போனவன். மற்ற இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எந்த வகுப்பைப் பார்த்தாலும் நான் முதலில் கவனிப்பது இரண்டு விஷயங்களை. புதிதாக வந்தவருக்கு விழக் கற்றுத்தருகிறார்களா? எதிரே நிற்பவர் எப்போதாவது உண்மையிலேயே எதிர்க்கிறாரா? கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

கராத்தேயிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருந்தாலும் உங்களுக்கு எளிதில் கிடைப்பது அதுதான். பள்ளி மைதானம், கல்யாண மண்டபம், மொட்டை மாடி, பூங்கா என்று எங்கே பார்த்தாலும் ஒரு மாஸ்டரும் வெள்ளை உடுப்பில் இருபது முப்பது பிள்ளைகளும் இருப்பார்கள். ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் வளர்ந்த இந்தக் கலையை 1922இல் டோக்கியோவுக்குக் கொண்டுவந்து செய்து காட்டியவர் கிச்சின் ஃபுனாகோஷி. அவர் வழி வந்ததுதான் ஷோட்டோகான். அதோடு கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ மூன்றையும் சேர்த்து நான்கு பெரிய பிரிவுகள் என்பார்கள். நம் ஊரில் ஒகினாவாவின் இஷின் ரியூவும் பலருக்குத் தெரிந்த பெயர். சென்னையில் பல வருடம் பயிற்சி கொடுத்த ஷிஹான் ஹுசைனி அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

புதிதாகச் சேருகிறவர் இந்தப் பிரிவுகளைப் பற்றி ரொம்ப யோசிக்கத் தேவையில்லை. ஷோட்டோகானில் கால்களை அகட்டித் தாழ்ந்து நிற்பார்கள். தொடையும் இடுப்பும் நன்றாக வேலை செய்யும். கோஜு ரியூவில் நிலை கொஞ்சம் குறுகல், மூச்சுப் பயிற்சிக்கு அழுத்தம் அதிகம். கியோகுஷின் மட்டும் தனி ரகம். அங்கே உடம்பில் நிஜமாகவே அடிப்பார்கள். கையால் முகத்தில் குத்துவதற்கு மட்டும் அனுமதியில்லை. ஆனால் உதையால் தலையை அடிக்கலாம். நாற்பதில் முதல் முறையாக உடற்பயிற்சிக்கு வருகிறவரை அங்கே அனுப்ப மாட்டேன்.

வகுப்பு மூன்று பகுதியாக இருக்கும். வரிசையில் நின்று இச், நி, சான் என்று எண்ணிக்கொண்டு குத்து, தடுப்பு, உதை போடுவது முதலாவது. அப்புறம் கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்ய வேண்டிய அசைவுத் தொகுப்பு. கடைசியில் குமித்தே, நம் ஊர் பாஷையில் ஃபைட். பெரியவர்களுக்கு முதல் இரண்டும் நன்றாக ஒத்துவரும். துணைக்கு ஆள் இல்லாமல் வீட்டு மாடியில் பதினைந்து நிமிடம் செய்யலாம், ஊருக்குப் போனாலும் விட்டுப்போகாது. கற்றதைத் தனியாகவே செய்துகொள்ளும் இந்த வசதி ஜூடோவில் ரொம்பக் குறைவு. வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

குறை எங்கே என்றால், பல வகுப்புகள் மூன்றாவது பகுதிக்கு வருவதே இல்லை. வருடக்கணக்கில் காற்றில் குத்திக்கொண்டே, பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய பிரவுன் பெல்ட் வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரே ஒரு ஆள் நகர்ந்துகொண்டே இருந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. தூரம் என்பது சொல்லிக் கொடுத்து வருவதல்ல. ஒருவர் உங்கள் மூக்குக்கு நேராகக் கையை நீட்டும்போது நீங்களே உணர வேண்டியது. ஆகவே கராத்தே வகுப்பைப் பார்க்கப் போனால் கடைசி அரை மணி நேரம் இருந்து பாருங்கள். ஜோடி ஜோடியாக நிற்கிறார்களா, கையுறை, பல் காப்பு, கால் காப்பு இருக்கின்றனவா, மாஸ்டர் நடுவில் நின்று வேகத்தைக் கட்டுப்படுத்துகிறாரா என்று கவனியுங்கள்.

போட்டிக் கராத்தேயில் தலையைத் தொடும்போது அடியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது விதி. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கனத்த எடைப் பிரிவு இறுதிப் போட்டியில் சவூதி வீரர் தாரெக் ஹமேதி முன்னிலையில் இருந்தார். அவர் போட்ட உதையில் ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதே மயங்கி விழுந்தார். கட்டுப்பாடு மீறிய அடி என்று ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். ஸ்டிரெச்சரில் போனவருக்குத் தங்கம் கிடைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரிந்தது. ஆனால் காலையில் ஃபைட் செய்துவிட்டுப் பத்து மணிக்கு ஆபீஸ் போக வேண்டிய உங்களுக்கும் எனக்கும் அந்த விதிதான் பாதுகாப்பு. கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அந்த ஒரு முறைதான், 2024 பாரிஸில் அது இல்லை.

நம் ஊர்க் கராத்தேயில் இன்னொரு சங்கடம் வயது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பார்கள். வார்ம் அப்பும் விளையாட்டும் பேச்சும் அவர்களுக்கேற்றபடியே நடக்கும். நீங்கள் பின்வரிசையில் தனியாக நிற்பீர்கள். பெரியவர்களுக்குத் தனி நேரம் வைத்திருக்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி இருந்தாலும் அவர்களைத் தேடிப் போவது நல்லது. பெல்ட் டெஸ்ட் கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாதக் கட்டணம் சில நூறு ரூபாய் என்று சேர்ந்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம், சான்றிதழுக்குத் தனிப் பணம் என்று போய், கூட்டிப் பார்த்தால் மாதக் கட்டணத்தைவிட டெஸ்ட் செலவு அதிகமாக வரும் இடங்கள் உண்டு.

சரி, ஜூடோ. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊரில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. பெரியவர்களுக்கு இது ஆகாது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது.

ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கியது 1882இல். டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த ஒரு சின்ன இடம், மாணவர்கள் ஒன்பது பேர். கானோ குள்ளமானவர், பள்ளியில் பலசாலிகளிடம் அடி வாங்கியவர். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியப் போர்க்கலையின் ஆசான்களைத் தேடிப் போய்க் கற்றார். கற்றதில் நிஜமாகச் செய்தால் ஆபத்தானவற்றைத் தனியே எடுத்து வைத்தார். முழு பலத்தோடு செய்தாலும் எதிராளி எழுந்து மறுபடி நிற்கக்கூடியவற்றை வைத்து ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். அந்தத் தேர்வுதான் ஜூடோவின் உயிர். ராண்டோரி என்கிற கட்டற்ற பயிற்சியில் இருவரும் உடுப்பைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே ஒருவரை ஒருவர் வீழ்த்தப் பார்ப்பார்கள். யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கற்ற ஒரு நுணுக்கம் உங்களுக்கு வந்துவிட்டதா இல்லையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எதிரே நிற்பவர் உண்மையிலேயே எதிர்க்கிறாரா என்று முன்பு சொன்ன இரண்டாவது கேள்விக்கு இந்த நான்கு கலைகளில் ஆரம்பத்திலிருந்தே தெளிவான பதில் வைத்திருப்பது ஜூடோ.

விழக் கற்றுத்தருகிறார்களா என்ற முதல் கேள்விக்கும் அப்படித்தான். நல்ல ஜூடோ வகுப்பில் முதல் சில வாரம் உங்களை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். நீங்களே விழுவீர்கள். முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் சாய்வீர்கள். முதுகு தரையைத் தொடும் அதே கணத்தில் இரண்டு கைகளும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, உள்ளங்கை கீழே பார்க்க, தரையில் விரித்த மேட்டைப் பட்டென்று அடிக்க வேண்டும். கண் இடுப்பில் கட்டிய பெல்ட்டின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முடிச்சைப் பார்த்தால் தாடை தானாக நெஞ்சை ஒட்டும், தலை தரையில் மோதாது. கையை ஊன்றக் கூடாது. ஊன்றினால் மணிக்கட்டோ தோள்பட்டை எலும்போ போய்விடும். உட்கார்ந்து பழகியபின் குந்தியிருந்து, அப்புறம் நின்றபடி, பின் பக்கவாட்டில், கடைசியில் முன்னால் உருண்டு விழுவது. நூறு முறை விழுந்தபின் உடம்பு யோசிக்காமலேயே சரியாக விழ ஆரம்பிக்கும். தற்காப்பு என்று பார்த்தால், நாற்பதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையில் அதிகம் பயன்படப் போவது இதுதான் என்பேன். நம்மைத் தெருவில் தாக்கும் ஆளைவிட ஈரமான குளியலறைத் தரையும் மழைக்கால பைக்கும் நம்மைக் கீழே தள்ள வாய்ப்பு அதிகம்.

விழுவதை இவ்வளவு வலியுறுத்த ஒரு கடுமையான காரணம் இருக்கிறது. 1983 முதல் முப்பது வருடத்துக்குள் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ பயிற்சியின்போது நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். ரியோ உச்சிதா என்ற ஆய்வாளர் இந்தக் கணக்கை வெளிக்கொண்டு வந்தபோது அந்த நாடே அதிர்ந்தது. பெரும்பாலானவை தலையில் பட்ட காயங்கள். இறந்தவர்களில் பலர் அப்போதுதான் சேர்ந்த புதியவர்கள். எதிராளியைப் பின்புறமாகச் சாய்த்துக் காலை வாரிவிடும் ஓசோட்டோகாரி போன்ற வீழ்த்தலில், விழத் தெரியாதவரின் பின்மண்டைதான் முதலில் தரையில் மோதும். இதைச் சொல்வது உங்களை பயமுறுத்த அல்ல. முதல் நாளே உங்களை நிற்க வைத்துத் தூக்கிப் போடும் இடத்தில் அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்பதற்காக. தலையில் அடிபட்டு லேசாகக் கிறுகிறுத்தால்கூட அன்றைய பயிற்சியை நிறுத்த வேண்டும், தலைவலி போகும்வரை மேட்டுக்குத் திரும்பக் கூடாது. இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுக்காத மாஸ்டரை நம்பலாம்.

மேட்டையும் பாருங்கள். குழந்தைகள் அறையில் போடுவது போன்ற, பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும் மெல்லிய ஃபோம் விரிப்பு ஜூடோவுக்குப் போதாது. அழுத்தமான, நான்கு சென்டிமீட்டர் கனமுள்ள மேட் இருக்க வேண்டும். இரண்டு மேட்டுக்கு நடுவே இடைவெளி இருக்கக் கூடாது, கால் விரல் அதில்தான் மாட்டும். சுவரோரமும் தூண் பக்கமும் வெற்றிடம் விட்டிருக்க வேண்டும்.

ஜூடோ நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1929இல் தாகூர் அழைத்து ஷின்சோ தகாகாகி சாந்திநிகேதனுக்கு வந்து கற்பித்தார். மணிப்பூரின் சுசீலா தேவி 2014 கிளாஸ்கோவிலும் 2022 பர்மிங்ஹாமிலும் காமன்வெல்த் வெள்ளி வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கான ஜூடோவில் கபில் பார்மர் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டிகளில் இருவரும் ஒருவர் உடுப்பை ஒருவர் பிடித்த நிலையிலிருந்தே ஆட்டம் தொடங்கும். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது பிடியின் வழியாகவே கைக்குத் தெரியும். கண் தெரிந்தவர்களுக்கும் ஜூடோ கடைசியில் அங்கேதான் வந்து சேருகிறது.

சிக்கல், பெரியவர்களுக்கான ஜூடோ வகுப்பு கிடைப்பதில் இருக்கிறது. மாவட்டத் தலைநகர விளையாட்டரங்குகள் சிலவற்றிலும் சில கல்லூரிகளிலும் காவல்துறைப் பயிற்சி இடங்களிலும் ஜூடோ இருக்கிறது. ஆனால் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் பள்ளிப் போட்டிகளுக்கும் மாநிலப் போட்டிகளுக்கும் தயாராகும் இளைஞர்கள். பதினெட்டு வயதுப் பையனின் வேகத்துக்கு முப்பத்தைந்து வயது முழங்கால் ஈடுகொடுக்காது. ஆனாலும் போய் நேரடியாகக் கேளுங்கள்: "மாஸ்டர், நான் போட்டிக்கு வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வந்து விழுவதும் பிடிப்பதும் கற்றுக்கொண்டால் போதும். என்னை மெதுவாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா?" பல மாஸ்டர்கள் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள். தரையில் படுத்துப் பிடிக்கும் நேவாசா பகுதியில் பெரியவர்கள் முதலிலேயே முழு பலத்தோடு கலந்துகொள்ளலாம், உயரத்திலிருந்து விழும் ஆபத்து அதில் இல்லை. நின்று செய்யும் ராண்டோரியைச் சில மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். உங்கள் எடைக்குப் பக்கத்தில் உள்ள, அனுபவமுள்ள ஆளோடு மட்டும் தொடங்குங்கள். இரண்டு புதியவர்கள் சேர்ந்து ஒருவரை ஒருவர் வீழ்த்தப் பார்ப்பதில்தான் முழங்கால் அதிகம் போகிறது.

உடுப்பும் வேறு. கராத்தே உடுப்பு மெல்லிசு. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஜூடோ உடுப்பு இழுத்தால் கிழியாதபடி தடித்த நெசவு. விலை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். நம் வெயிலில் ஒரு வகுப்பு முடிந்தால் பிழிகிற அளவுக்கு வியர்வை ஊறியிருக்கும், மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆகும். துவைக்காமல் திரும்பப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தோலோடு தோல் உரசும் விளையாட்டில் படர்தாமரை ஒருவரிடமிருந்து வகுப்பு முழுக்கப் பரவிவிடும். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரமும் தாலிச் சங்கிலியும் அரைஞாணும் கழற்றியிருக்க வேண்டும். கழற்ற விருப்பமில்லாதவர்களுக்கு இந்தக் கலை பொருந்தாது. டேப் சுற்றினால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அய்கிடோ இதற்கு முற்றிலும் வேறு திசை. டைட்டோ ரியூ ஜுஜுட்சுவை சோகாகு தகேதாவிடம் கற்ற மொரிஹேய் உயேஷிபா உருவாக்கியது. பெரும்பாலான பிரிவுகளில் போட்டியே கிடையாது. ஒருவர் மணிக்கட்டைப் பிடிப்பார் அல்லது தலைக்கு நேரே கையை இறக்குவார். மற்றவர் விலகி, சுழன்று, மூட்டைத் திருப்பி அவரைக் கீழே கொண்டுவருவார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். யார் என்ன செய்யப் போகிறார் என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரியும்.

அதன் பலமும் பலவீனமும் அந்த ஒத்துழைப்பில்தான் இருக்கின்றன. ஐம்பது வயதில் தொடங்கினாலும் இருபது வயது ஆளோடு சேர்ந்து பயிற்சி செய்ய முடியும். முன்னால் உருளும் பழக்கம் அழகாக வரும். நிமிர்ந்து நிற்பது, பதறாமல் இருப்பது இரண்டுமே நல்ல ஆசிரியரிடம் படியும். போட்டி மனநிலை வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் தற்காப்புக்காகச் சேருகிறேன் என்றால் சொல்ல மாட்டேன். எதிர்க்காத ஆளிடம் மட்டும் செய்து பழகிய நுணுக்கம், இழுத்துக்கொண்டு திமிறும் ஆளிடம் வேலை செய்யும் என்று நம்புவது ஆபத்து. கோசோ ஷியோதா தொடங்கிய யோஷின்கான் பிரிவு கொஞ்சம் கடினமானது. டோக்கியோ கலவரத் தடுப்புப் போலீசார் அங்கே பல மாதப் பயிற்சி எடுப்பது பிரபலம். பாதுகாப்பு விஷயத்தில் இரண்டைக் கேளுங்கள். முழங்காலிட்டபடியே நகர்ந்து செய்யும் சுவாரிவாசா எவ்வளவு நேரம் நடக்கும்? முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டா? அப்புறம், மணிக்கட்டு வலித்ததும் மேட்டைத் தட்டினால் உடனே விடுகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். "இன்னும் கொஞ்சம் தாங்கு" என்று சொல்லும் இடத்தில் சேர வேண்டாம்.

கெண்டோவைப் பற்றிச் சொல்லும்போது என் குரலில் ஆசை தெரிந்தால் மன்னிக்கவும். மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஷினாய், தலைக்கும் மணிக்கட்டுக்கும் மார்புக்கும் கவசம், கத்திக்கொண்டே பாயும் வேகம் என்று பார்க்கவே மயிர்க்கூச்செறியும். அடிக்க வேண்டிய இடங்கள் தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை என நான்கே. அடி பட்டால் மட்டும் புள்ளி கிடையாது. குரலும் வாளும் காலடியும் ஒன்றாக விழ வேண்டும், அடித்த பிறகும் எச்சரிக்கை குலையக் கூடாது. புள்ளி கிடைத்ததும் கையைத் தூக்கிக் கொண்டாடினால் கொடுத்த புள்ளியையே நடுவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் இளைஞர்களை அடித்து ஓடவிடும் ஒரே போர்க்கலை இதுதான் என்று சொல்லலாம். எட்டாம் டான் என்ற உயர்ந்த தகுதிநிலைக்குத் தேர்வு எழுதவே 46 வயதாகியிருக்க வேண்டும், தேறுபவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான்.

ஆனால் முதல் சில மாதம் கவசமே கிடையாது. வெறுங்காலில் நின்று வாளை ஏற்றி இறக்குவதும், வலது காலை முன்வைத்து இடது குதிகாலைத் தூக்கியபடி சறுக்கி நகர்வதும்தான். சிலம்பம் ஆடியவர்கள் கோல் பிடித்த கை நமக்கு இருக்கிறதே என்று நினைப்பார்கள். கை உதவும், கால் உதவாது. சிலம்பத்தின் சுழலும் அடிவைப்பை விட்டு ஒரே கோட்டில் போகப் பழக வேண்டியிருக்கும். பாதத்தில் கொப்புளம் கட்டாயம் வரும். இடது குதிகால் தசைநாணை வார்ம் அப் செய்யாமல் விட்டால் பெரிய வயதில் அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. கவசத் தொகுதி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். சுங்க வரியோடு சேர்த்துச் சில பத்தாயிரங்கள் ஆகும். இந்தியாவில் பெருநகரங்களில் மட்டும் சின்னச் சின்னக் குழுக்களாக நடக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருந்தால், மாதா மாதம் விடாமல் வர முடியும் என்றால், தாராளமாகச் சேருங்கள். இல்லாத ஊரில் யூடியூப் பார்த்துக் கற்க முயல வேண்டாம். எதிரே அடி வாங்க ஆள் இல்லாமல் இதில் எதுவும் வராது.

இந்த நான்கையும் தாண்டி, உறையிலிருந்து வாளை உருவும் ஐய்டோ, வில்லெய்யும் கியூடோ எல்லாம் நம் பக்கம் கிடைப்பது அரிது. பிரேசிலிய ஜியு ஜிட்சு ஜப்பானியக் கலை அல்ல என்றாலும் ஜூடோவின் கிளைதான். கானோவின் கோடோகான் பள்ளியைச் சேர்ந்த ஜூடோக்காரர் மிட்சுயோ மாயேதா பிரேசிலுக்குக் கொண்டுபோனது. சென்னை, கோவை மாதிரி நகரங்களில் பெரியவர்களுக்கான ஜூடோ கிடைக்காமல் இது கிடைத்தால் தயங்காமல் போகலாம். பெரும்பாலும் தரையில்தான் நடக்கும், எதிர்ப்பு நிஜம், வகுப்பில் உங்கள் வயதுக்காரர்களே இருப்பார்கள். "ஜுஜுட்சு" என்று பொதுவாகப் பெயர் வைத்திருக்கும் இடங்களில் மட்டும் யாரிடம் கற்றார், எந்தப் பள்ளி வழி என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் எதையும் கற்பிக்கிறார்கள்.

பெண்கள் தற்காப்புக்காகக் கேட்கும்போது என் பதில் கொஞ்சம் மாறும். கையைப் பிடித்து இழுப்பது, பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பது, கீழே தள்ளி மேலே அமர்வது என்று நடப்பவையெல்லாம் பிடி சம்பந்தப்பட்டவை. பிடியை உதறவும், மேலே ஏறிய ஆளின் கீழிருந்து வெளியே வரவும் பழகியிருப்பது, காற்றில் போட்ட ஆயிரம் குத்தைவிட உதவும். ஆகவே ஜூடோ, அல்லது மேலே சொன்ன ஜியு ஜிட்சு. கூடவே கராத்தேயிலிருந்து உரக்கக் கத்துவதையும் ஒரே ஒரு நேர் உதையையும் எடுத்துக்கொள்ளலாம். சேரும் முன் உடுப்பு மாற்றத் தனி அறை உண்டா, வகுப்பில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, ஒரு குறிப்பிட்ட ஆளோடு பயிற்சி செய்ய மாட்டேன் என்றால் மாஸ்டர் காரணம் கேட்காமல் ஒத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். பிடித்து உருளும் கலையில் இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைக்காத இடம் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம்.

எந்தக் கலையானாலும், உட்கார்ந்து ஒரு முழு வகுப்பைப் பார்க்க அனுமதிக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள். மாஸ்டர் சுவரில் மாட்டியிருக்கும் கோப்பைகளைவிட, ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த ஒரு மாணவரைப் பாருங்கள். அவர் பயமில்லாமல் நகர்கிறாரா, மூச்சு வாங்கினால் நிற்கவிடுகிறார்களா, தப்பாகச் செய்தால் திட்டாமல் திருத்துகிறார்களா? ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட் என்று உறுதி கொடுக்கும் இடம் பெல்ட் விற்கிறது. வாரம் மூன்று நாள் வந்தாலும் கராத்தேயிலோ ஜூடோவிலோ நியாயமாக நான்கைந்து வருடம் ஆகும். தூரமும் முக்கியம். அரை மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் மழை வந்த முதல் வாரத்திலேயே நின்றுவிடும்.

இவ்வளவும் பார்த்தபின் என் தேர்வு இதுதான். அரை மணி நேரத் தொலைவில் நல்ல மேட்டும் பொறுமையான மாஸ்டரும் இருந்தால் ஜூடோ. அது இல்லையென்றால், ஃபைட் நிஜமாக நடக்கும், பெரியவர்களுக்குத் தனி நேரம் உள்ள கராத்தே. முழங்காலோ முதுகோ ஏற்கெனவே தொந்தரவு செய்கிறவர்கள், அல்லது ஐம்பதைத் தாண்டியவர்கள் கராத்தேயில் கட்டாவை மட்டும் வைத்துத் தொடங்கலாம். பக்கத்தில் நல்ல அய்கிடோ ஆசிரியர் இருந்தால், முழங்கால் நன்றாக இருக்கிறவர்கள் அவரிடமும் போகலாம். கெண்டோவுக்கு வாய்ப்பும் பணமும் ஆசையும் மூன்றும் சேர்ந்து வாய்த்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

சேர்வதற்கு முன் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து, இடுப்பு டிஸ்க் பிரச்சினை இருந்தால் எலும்பு டாக்டரிடம் "தூக்கிப் போடுவார்கள்" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள், "யோகா மாதிரி ஒன்று" என்று சொல்லி அனுமதி வாங்காதீர்கள். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். முதல் வகுப்புக்குப் பனியனும் டிராக் பேண்டும் போதும், உடுப்பை மாதக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள், வண்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். இரண்டாவது வாரம் உடம்பெல்லாம் வலிக்கும். அது தசை வலி, போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற மாதிரி வலித்தால் மட்டும் அடுத்த வகுப்பு தொடங்கும் முன்பே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.